ஜிலியன் மைக்கேல்ஸ்: தேர்ந்த ட்ரெய்னரா, டிவி வளர்த்த பெயரா?

இளங்கோ:
போட்டியாளர்கள் முகத்துக்கு நேராகக் கத்தியே பேர் வாங்கினவர் என்று ஜிலியனை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2004இல் அமெரிக்காவின் என்பிசி டிவியில், பயிற்சியாளர்களின் அணிகளில் சேர்ந்து எடை குறைக்கும் போட்டியான ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ தொடங்கும் முன்பே பெவர்லி ஹில்ஸில் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் நடத்தியவர் அவர். 2008இல் வந்த ‘30 டே ஷ்ரெட்’ டிவிடியைப் பாருங்கள். 3 நிமிடம் தசைக்கு, 2 நிமிடம் கார்டியோ (இதயத்துடிப்பைக் கூட்டும் பயிற்சி), 1 நிமிடம் வயிறு. இப்படி மூன்று சுற்று, நடுவில் ஓய்வே இல்லை. ஒரு ஜோடி டம்பெல்லும் ஒரு பாயும் போதும். ஜிம் வாசலை மிதிக்காதவர்களுக்கு இதைச் சுருக்கித் தருவது லேசுப்பட்ட வேலையில்லை.

தேன்மொழி:
சுருக்கியதில்தான் கோளாறே. அந்த டிவிடியின் லெவல் 1இல் ஸ்குவாட்டோடு (உட்கார்ந்து எழுவது) தலைக்கு மேலே தூக்குவதும், பக்கவாட்டு லஞ்சோடு (ஒரு காலை எட்டிவைத்து முழங்கால் மடக்குவது) கையை முன்னால் நீட்டி உயர்த்துவதும் ஒரே டம்பெல்லில். நீட்டிய கைக்கு 2 கிலோவே பாரம்; தொடைக்கு அது ஒன்றுமே இல்லை. தோள் சோர்ந்துபோகும், கால் சும்மா இருக்கும். வியர்வை கொட்டும், ஆனால் பத்தே நாளில் உடம்பு பழகிவிடும், பலம் அங்கேயே நிற்கும். வார்ம்அப்பையும் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறார். 100 கிலோ எடையோடு உடனே ஜம்பிங் ஜாக் குதித்தால் முழங்கால் தாங்காது.

இளங்கோ:
குதிக்க முடியாதவர்களுக்காகத்தான் பக்கத்திலேயே ஒருவர் எளிய வடிவத்தைச் செய்துகாட்டுகிறார். கால் பலம் வேண்டுமா? 8 கிலோ டம்பெல் ஒன்றை மார்போடு அணைத்து ஸ்குவாட்டைத் தனியாகப் போடுங்கள், கைப்பயிற்சியைத் தனியாகச் செய்யுங்கள். வாரம் ஏழு நாளும் வேண்டாம், நான்கு போதும்.

ரஃபீக்:
அவர் புகழுக்கு அடித்தளம் டிவிடி இல்லை, டிவியில் வாராவாரம் ஏற்றிய எடை மேடை. கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. வாரத்தில் 5 கிலோ கொழுப்பு கரைய, தினம் 5,500 கலோரி பற்றாக்குறை வேண்டும். பட்டினி கிடந்து நாள் முழுக்க ஓடினாலும் பெரும்பாலோருக்கு இது எட்டாது. முதல் வாரம் மேடையில் குறைவதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைகோஜன், ஒரு கிராம் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்தே வெளியேறும். எடை இழப்பில் பின்தங்கியவர்கள் வெளியேறும் ஆபத்தில் இருப்பார்கள் என்பது விதி. நிதானமாகக் குறைக்கும் பயிற்சியாளரின் ஆள்தான் முதலில் பெட்டி கட்டுவார். முதல் சீசன் வெற்றியாளரே, பட்டினி கிடந்தும் உடம்புத் தண்ணீரை வற்றவைத்தும் ஜெயித்ததாகப் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்.

2016இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு வெளியிட்ட ஆய்வும் இருக்கிறது. 8ஆம் சீசனின் 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். சராசரியாக 58 கிலோ இழந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பிவிட்டது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிடத் தினம் 500 குறைவு. இரண்டு வேளை இட்லியின் அளவு சக்தியை அந்த உடம்பு எரிக்காமல் மிச்சம் பிடிக்கிறது!

இளங்கோ:
அதே ஆட்களை வைத்து 2017இல் வந்த ஆய்வையும் சேர்த்துச் சொல்லுங்கள், ரஃபீக். எடையைத் தக்கவைத்தவர்கள் உடலுழைப்பைப் பழைய அளவிலிருந்து 160 சதவீதம் கூட்டியிருந்தார்கள். மறுபடி ஏறியவர்கள் 34 சதவீதம்தான். பயிற்சியை விடாதே என்று ஜிலியன் சொன்னதில் தப்பில்லை. விதியை எழுதியது தயாரிப்பாளர்கள்.

தேன்மொழி:
விதி அவர்களுடையது, சரி. ஆனால் 2013இல், 15ஆம் சீசனில், மருத்துவர் அனுமதி இல்லாமல் தன் அணிக்குக் காஃபீன் மாத்திரை கொடுத்தது ஜிலியன். தண்டனையாக எடை மேடையில் 4 பவுண்டு அபராதம் விழுந்தது, அவருக்கு இல்லை, போட்டியாளர்களுக்கு. ‘அளவில்லாமல் காபி குடிப்பதைவிட இது மேல்’ என்பது அவர் வாதம். மாத்திரையில் அளவு தெரியும், உண்மைதான். ஆனால் கொஞ்சமாகச் சாப்பிட்டு மணிக்கணக்கில் பயிற்சி செய்பவரின் இதயத்துடிப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் டாக்டர்.

ரஃபீக்:
ஒரு திருத்தம். அதே 15ஆம் சீசனில் 260 பவுண்டிலிருந்து 105க்கு இறங்கி வென்றவரைக் காட்டி ஜிலியனைத் திட்டுகிறார்கள். வென்றவர் இன்னொரு பயிற்சியாளரான டால்வெட் குயின்ஸின் அணி. அந்தப் பழியை ஜிலியன்மேல் போடக்கூடாது.

இளங்கோ:
அந்த இறுதிச்சுற்று மேடையில் ஜிலியன் அதிர்ந்துபோன முகம் கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. 2014லேயே நிகழ்ச்சியை விட்டும் விலகினார்.

தேன்மொழி:
அதற்கு முன்பும் இரண்டு முறை விலகி, இரண்டு முறையும் திரும்பி வந்தவர்தானே? எடை மேடை முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.