தனித்துச் சொல்லும்படி ஒரு பலம் இல்லாமல், எல்லாவற்றிலும் சமமாக இருந்து ஜெயித்த குத்துச்சண்டை வீரர்கள் யார் யார்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோருக்கும் ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கும் டைசன்தான் கனவு. ஒரு பையனுக்குக் கைப்பலமும் நடுத்தரம், வேகமும் நடுத்தரம். ஆனால் எதிலும் ஓட்டை கிடையாது. அவன் மனம் விட்டுப்போகிறான், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அவனுக்குக் காட்ட அமெரிக்க வீரர் ஆந்த்ரே வார்டின் சண்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம், தொழில்முறையில் 32 சண்டை, தோல்வியே இல்லை. நாக் அவுட் அதில் பாதிதான். 2016இல் ரஷ்ய வீரர் கோவலேவிடம் இரண்டாம் சுற்றிலேயே கீழே விழுந்தார். அப்புறம் எழுந்து, நெருங்கிப் பிடித்து, உடம்பில் குத்தி, சுற்றுச் சுற்றாக மீண்டார். மூன்று நடுவர்களும் 114-113 என்று வார்டுக்கே வெற்றி கொடுத்தார்கள். தீர்ப்பில் சர்ச்சை உண்டு, ஆனாலும் அந்த மீட்சி எனக்குப் பெரிய பாடம்.

சிக்கல் என்னவென்றால், அது 12 சுற்றுச் சண்டை. எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றே சுற்று. எதிராளியைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அமெச்சூர் போட்டிகளில், குறிப்பாக எடை குறைந்த பிரிவுகளில், இப்படி எல்லாவற்றிலும் சமமாக இருந்து ஜெயித்தவர்கள் யார்? எந்தச் சண்டையைப் பார்க்கலாம்? பயிற்சியாளர்கள் இருந்தால், இந்த மாதிரிப் பையனுக்கு முதலில் எதைக் கூர்தீட்டுவீர்கள் என்றும் சொல்லுங்கள்.