மாறாத இருப்பை எழுதி எழுதியே திணறிய தரவுத்தளம்

பல கிளைகள் கொண்ட ஒரு மருந்துக் கடையின் இருப்புக் கணக்கு மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், அது இயங்குவது, சும்மா இருக்கும் நேரத்தில் சிபியு வரவு (சர்வரின் உழைப்புக்கான முன்சேமிப்பு) சேர்ந்து, உழைக்கும் நேரத்தில் அது கழியும் வகையைச் சேர்ந்த கிளவுட் சர்வரில். ஒவ்வொரு கிளையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் முழு இருப்புப் பட்டியலையும் அனுப்பிவிடும். காலை பத்து மணிக்குள் வரவு முழுவதும் தீர்ந்து சர்வரின் வேகம் குறைய, பில் போடுமிடத்தில் மருந்தின் பெயரைத் தட்டினால் திரை அப்படியே நின்றுவிடும். இன்சுலின் வாங்க வந்த ஒரு பெரியவர் கையில் சீட்டோடு காத்து நின்றதை நான் நேரிலேயே பார்த்தேன். அன்று இரவே இதில் உட்கார்ந்தேன்.

தேடல்தான் மெதுவாக இருக்கிறது என்று முதலில் முடிவுகட்டி, ஏற்கெனவே இருந்த ஏழு இண்டெக்ஸ்களோடு (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்கள்) மேலும் இரண்டைச் சேர்த்தோம். மறுநாள் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பிறகே, ஒவ்வொரு கட்டளையும் எடுத்த நேரத்தைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் பட்டியலை எடுத்து, மொத்த நேரத்தின்படி அடுக்கிப் பார்த்தேன். முதலிடத்தில் நின்றது இருப்பைப் புதுப்பிக்கும் அப்டேட் கட்டளை.

போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசையைப் புதுப்பிக்கும்போது பழையதன்மேல் எழுதுவதில்லை. மதிப்பு மாறாவிட்டாலும் அந்த வரிசைக்குப் புதுப் பிரதி ஒன்றை எழுதுகிறது. இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசை எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் (வரிசைகளைச் சேமிக்கும் சிறு தொகுதி) இடமும் இருந்தால், 'ஹாட்' என்னும் வழியில் இண்டெக்ஸ்களைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடும். எங்கள் டேபிளிலோ, 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' என்ற நெடுவரிசைக்கும் யாரோ ஒரு இண்டெக்ஸ் போட்டிருந்தார்கள். அந்த நேரம் ஒவ்வொரு முறையும் மாறியதால், ஒரு மாத்திரைகூட விற்காத மருந்துக்கும் ஒன்பது இண்டெக்ஸ்களிலும் புதுப் பதிவு விழுந்தது. பயனற்றுக் கிடந்த பழைய பிரதிகள் என்னும் குப்பையை அள்ள, தானியங்கித் துப்புரவாளனான ஆட்டோவேக்யூம் ஓயாமல் ஓடியது. டேபிள்களின் புள்ளிவிவரம் காட்டும் பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் ஹாட் புதுப்பிப்பின் எண்ணிக்கை ஏறத்தாழ சுழியம் என்று கண்டபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அந்த நேர இண்டெக்ஸை நீக்கினேன். ஒரு முறைகூடத் தேடலுக்குப் பயன்படாத மற்ற இண்டெக்ஸ்களை, மாத இறுதி அறிக்கைகள் ஓடி முடியும் வரை பொறுத்திருந்து, அதன்பின்பே எடுத்தேன். தனித்தன்மையைக் காக்கும் யுனிக் இண்டெக்ஸ்களின் தேடல் எண்ணிக்கை சுழியமாக இருந்தாலும் அவற்றில் கைவைக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்பதைச் சொல்லும் ஃபில்ஃபாக்டரை 100இலிருந்து 85ஆகக் குறைத்து, புதுப் பிரதிகளுக்கு இடம் விட்டேன். இது இனி எழுதப்படும் பக்கங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், கடைகள் மூடிய பின், டேபிளை முழுவதும் மறுபடி எழுதும் வேக்யூம் ஃபுல் ஓட்ட வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பலனைத் தந்தது, எழுதவே தேவையில்லாததை எழுதாமல் விட்டதுதான். முன்பு ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு அப்டேட், அதை உறுதிசெய்ய ஒரு கமிட் என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது கிளையின் பட்டியலை, மொத்தமாக ஏற்றும் 'காப்பி' கட்டளையால் ஒரு தற்காலிக டேபிளில் இறக்கி, இருப்பு உண்மையில் மாறிய வரிசைகளை மட்டும் ஒரே அப்டேட்டில் எழுதுகிறோம். அதே சர்வர்தான், வாடகையும் அதேதான். மாலை கடை நெரிசலிலும் வரவு மிச்சமிருக்கிறது.

*

மறுமொழி: நண்பரே, தற்காலிக டேபிள் வழியைத் தேர்ந்தது மிகச் சரி. நான் இதே வேலையை 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்' (வரிசை ஏற்கெனவே இருந்தால் புதுப்பி) வழியில் செய்து, மாறாத வரிசைகளைத் தவிர்க்க அதிலேயே 'வேர்' (WHERE) நிபந்தனையும் சேர்த்தேன். எதிர்பார்த்த அளவுக்குச் சுமை குறையவில்லை. நிபந்தனைக்குப் பொருந்தாத வரிசைகளையும் அந்தக் கட்டளை பூட்டிவிடுகிறது. பூட்டுவதும் பக்கத்தில் ஒரு எழுத்துதான் என்பதைப் பிறகே அறிந்தேன். மேலும், ஒரே கிளையின் இரண்டு பட்டியல்கள் ஒருமுறை ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தபோது, இரண்டும் வெவ்வேறு வரிசைமுறையில் பூட்டப் போய் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் டெட்லாக் ஆகிவிட்டது. அன்றிலிருந்து மருந்து எண்ணின்படி அடுக்கிய பிறகே அனுப்புகிறேன்.