பண்டாரவளை ஹோட்டல் ரயிலுக்கு முன்னாலயா, பின்னாலயா?

வெள்ளவத்தைவாசி:
போன கிழமை குடும்பத்தோட ரெண்டு நாள் மலையகத்துப் பண்டாரவளையில நிண்டனாங்கள். பழைய ஹோட்டல், பித்தளைக் கட்டில், விடியக் குளிருக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி. ஞாயிறு சந்தையில வெலிமடை உருளைக்கிழங்கும் லீக்ஸும் அள்ளிக்கொண்டு வந்தம். ரெண்டு நாள் ஆறுதலா இருக்க நினைக்கிற ஆக்கள் நுவரெலியாச் சனத்துக்குள்ள போய் இடிபடாமல் இஞ்ச போங்கோ. ஒரு சின்ன விளக்கமும் சொல்லுறன்: ரயில் வரமுதல் அங்க ஊரெண்டே ஒண்டும் இருக்கேல்ல. ரயிலில வாற வெள்ளைக்காரருக்காகத்தான் அந்த ஹோட்டலையே கட்டினவை.

ஊவாப்பேரன்:
ஹோட்டல் 1893. பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894. பின்னாடி வந்த ரயிலுக்காக முன்னாடியே ஹோட்டல் கட்டுனாங்களா? ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சிட்டு எங்க ஊரு சரித்திரத்த எழுத வந்துட்டீங்க.

அதோட, ஊரே இல்லையாம். அப்ப மன்னார்ல எறங்கி, காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்து, அங்கேருந்து மலையேறி வந்த எங்க பாட்டன் பூட்டன்மாரு எங்க வந்து சேந்தாங்க? கோப்பிக் காலத்துலேயே வந்தவங்க அவங்க. 1869ல கோப்பி இலையில நோய் விழுந்து, தோட்டமெல்லாம் தேயிலைக்கு மாறுன பிறகும் அதே பாதையில நடந்துதான் வந்தாங்க. வழியில செத்தவங்களுக்குக் கணக்கே கிடையாது. அவங்க காடு வெட்டுன எடத்துலதான் நீங்க நின்னு படம் புடிச்சிருக்கீங்க.

நானுஓயாதம்பி:
அண்ணே, ஒண்ணு மட்டும். 1885ல ரயில் நானுஓயாவுக்கு வந்தாச்சு. 1893ல அப்புத்தளைக்கும் வந்துருச்சு. அடுத்தது பண்டாரவளைன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதான் கட்டியிருப்பாங்க.

ஊவாப்பேரன்:
"கட்டியிருப்பாங்க"ன்னா அது உங்க நெனப்பு தம்பி. 1893 என் நெனப்பு இல்ல. அப்புத்தளை வேற ஊரு, பண்டாரவளை வேற ஊரு. தோட்டத் துரைமாரு குதிரையில வந்து கூடுற எடமா அது இருந்துச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. குதிரைக்குத் தண்டவாளம் எதுக்கு?

கம்பளைக்காரன்:
சந்தை ஊரு, பழைய ஊருன்னு பேசுறீங்களே, கம்பளைய ஏன் ஒருத்தரும் சொல்லல? 14ஆம் நூற்றாண்டுலேயே ராசா இருந்து ஆண்ட தலைநகரம். மகாவலி ஓரம். நீங்க 1893க்கும் 1894க்கும் அடிச்சுக்கிறீங்க.

ஊவாப்பேரன்:
கம்பளையப் பத்தி யாரும் கேக்கல. பேச்சு 1893 பத்தி.

கந்தப்பளைப்பொண்ணு:
எங்க பக்கம் வாங்க. ஹெதர்செட் ஸ்டோர, அதான் பழைய தேயிலை ஃபேக்டரிய, 1996ல ஹோட்டலாக்குனாங்க. கொழுந்து வாட்டுன மேல்மாடிங்கதான் இப்ப ரூம். பழைய மெசினு, பெரிய சக்கரமெல்லாம் அப்படியே இருக்கு. எங்க அம்மாச்சி காலத்துல மூட்டை மூட்டையாக் கொழுந்து ஏறுன மாடியில இன்னைக்கு மெத்தை போட்டுத் தூங்குறாங்க. எனக்கு அதுல கோவம் இல்ல. கட்டடம் இடிஞ்சு விழாம நிக்குதே, அதுவே பெருசு. எத்தனை தோட்டத்துல ஸ்டோரு கூரையில்லாம கெடக்குது, பாத்திருக்கீங்களா?

வெள்ளவத்தைவாசி:
தங்கச்சி சொல்லுறதில நியாயம் இருக்கு. ஊவாப்பேரன் அண்ணைக்குத்தான் எல்லாத்திலயும் குற்றம். பண்டாரவளைக்கு அங்கால டெமோதரையில ஸ்டேசனுக்குக் கீழாலயே சுரங்கம் போகுது, ரயில் வளைஞ்சு வந்து தன்ர பாதைக்குக் கீழால போகுதெண்டு முந்தி ஒருக்கா நான் எழுதினதுக்கும் சண்டைக்கு வந்தனீங்கள். படம் போட்டுக் காட்டின பிறகும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல. அது இண்டைக்கும் எனக்கு மனசில கிடக்கு.

ஊவாப்பேரன்:
டெமோதரை இப்ப எதுக்கு? அந்தப் பாதை பதுளைக்குப் போய்ச் சேந்ததே 1924ல. ஒன்பது வளைவுப் பாலம் முடிஞ்சது 1921. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1893லயே ஹோட்டல் நிக்குது. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

புதுசாவந்தவன்:
சந்தை ஊருன்னா என்னங்க? வாராவாரம் சந்தை கூடுனா போதுமா, பழைய கட்டடமும் வேணுமா?

ஊவாப்பேரன்:
வெள்ளவத்தைவாசிக்கு நான் ஏன் இவ்வளவு சூடாப் பேசுறேன்னு தெரியணும். எந்த ஹோட்டல்னு சொல்ல மாட்டேன், பண்டாரவளைல இருக்கிற அந்த ஹோட்டல் இல்ல. பழைய துரை பங்களா ஒண்ணு, இப்ப விடுதி. எங்க சின்னம்மா அந்தத் தோட்டத்துல முப்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க. பங்களாவுக்குள்ள ஒரு நாளும் கால் வச்சதில்ல. காசு கட்டி, ரூம் எடுத்து, அவங்களக் கூட்டிட்டுப் போனேன். கேட்டுல நின்னவரு எனக்குக் கதவத் தொறந்துட்டு, சின்னம்மாவப் பாத்து, "வேலைக்கு வந்தவங்க பின்பக்கமாப் போங்க"ன்னாரு. சின்னம்மாவும் மறுபேச்சில்லாம பின்பக்கம் நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஓடிப்போய்க் கையப் புடிச்சு முன்வாசல் வழியா உள்ள கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு ராத்திரி அவங்க மெத்தையில படுக்கல. தரையில சேலைய விரிச்சுப் படுத்தாங்க.

அதனாலதான், "ரயில் வந்துச்சு, ஊரு வந்துச்சு"ன்னு யாராவது எழுதுனா என்னால சும்மா இருக்க முடியல. ரயில் பாதைக்குக் கல்லு சொமந்ததும் ஆளுங்கதான்.

கந்தப்பளைப்பொண்ணு:
அண்ணே, சின்னம்மா கதையப் படிச்சிட்டு அழுதுட்டேன். ஆனா ஹெதர்செட்டப் பத்தி நான் சொன்னதுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல.

வெள்ளவத்தைவாசி:
உங்கட சின்னம்மாவுக்கு நடந்தது பெரிய அநியாயம். அதை நான் செய்யேல்ல. நான் ஹோட்டலைப் பற்றித்தான் எழுதினனான். தம்பி சொன்னமாதிரி 1893இல அப்புத்தளை வரைக்கும் ரயில் ஓடினது உண்மை. அங்கயிருந்து வண்டில் கட்டி வந்திருப்பினம். அப்ப அது ரயில் ஆக்களுக்கான ஹோட்டல்தான்.

ஊவாப்பேரன்:
இப்ப வண்டிலா? முதல்ல ரயில்னீங்க. ரயில்ல வாறவங்களுக்காகக் கட்டுனாங்கன்னு எழுதுனது நீங்க. மேல அப்படியே இருக்கு, நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல. வண்டில்ல வந்தாங்கன்னா அது ரோட்டுப் பயணம். 1893!

கம்பளைக்காரன்:
நுவரெலியாவுல வெள்ளைக்காரர் சாமுவேல் பேக்கர் குடியேறுனது 1848ல. அதுக்கு 500 வருசம் முந்தியே கம்பளையில அரண்மனை. இதையும் ஒருத்தரும் படிக்கப் போறதில்ல.

வெள்ளவத்தைவாசி:
பண்டாரவளை நல்ல இடம் எண்டு எழுதினதுக்கே இந்தப் பாடு. இனி மலையகத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டன்.

ஊவாப்பேரன்:
எழுதுங்க. வருசத்தச் சரியா எழுதுங்க. எங்க பாட்டன்மாரு பேரும் இல்ல, படமும் இல்ல. மிச்சம் இருக்கிறது இந்த வருசக் கணக்குதான். அதையும் மாத்தி எழுதுனா நான் வந்து கேப்பேன்.

நானுஓயாதம்பி:
அப்புத்தளைக்கு ரயில் 1893 அண்ணே. அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.