யோக்டோ: டன்ஃபெல்லை விட்டு கிர்க்ஸ்டோனுக்குப் போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மீட்டர்பெட்டி:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். எங்கள் தயாரிப்பு ஒரு சின்ன கேட்வே, மின் மீட்டர்களிடம் அளவுகளை வாங்கி சர்வருக்கு அனுப்பும், அவ்வளவுதான் வேலை. உள்ளே ஓடும் லினக்ஸை யோக்டோவில் (சாதனத்துக்கேற்ற லினக்ஸைக் கட்டித் தரும் கருவித்தொகுப்பு), அதன் 3.1 டன்ஃபெல் பதிப்பில் கட்டியிருந்தோம். 2020 ஏப்ரலில் வந்த பதிப்பு அது. முதலில் இரண்டு வருட ஆதரவு என்றார்கள், அப்புறம் நான்காக நீட்டினார்கள், 2024 ஏப்ரலோடு அதுவும் முடிந்தது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில், அதில் இருந்த ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) 1.1.1-க்கு ஆதரவு நின்றுபோக, வாடிக்கையாளரின் பாதுகாப்பு ஆடிட்டில் அதுதான் முதலில் சிவப்பாக வந்தது. நேராக 5.0 ஸ்கார்த்கேப்புக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சிப் கம்பெனி தருகிற பிஎஸ்பி லேயர் (அந்தச் சிப்புக்கான கர்னல், டிரைவர் எல்லாம் அடங்கிய யோக்டோ ஃபைல் தொகுப்பு) 4.0 கிர்க்ஸ்டோன் வரைதான் வந்திருந்தது, பிஎஸ்பி எங்கே நிற்கிறதோ அங்கேதான் நாமும் நிற்க முடியும். (கிர்க்ஸ்டோன், ஸ்கார்த்கேப் எல்லாம் இங்கிலாந்தின் வடக்கே லேக் டிஸ்ட்ரிக்டில் இருக்கும் மலைக்கணவாய்களாம். ஏறும்போது மூச்சு வாங்குவதில் ஆச்சரியம் இல்லை.)

யோக்டோவின் பில்ட் கருவியான பிட்பேக் முதலில் பார்ஸ் செய்யவே மறுத்தது. எங்கள் லேயர் பொருந்தாது என்றது. லேயர் கான்ஃபில் கிர்க்ஸ்டோன் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தப் பிழை போய்விடும், ஆனால் லேயருக்குள் எதுவும் மாறியிருக்காது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்து வந்தது ஓவர்ரைட் (குறிப்பிட்ட போர்டுக்கு மட்டும் வேரியபிளின் மதிப்பை மாற்றுவது போன்றவை) எழுதும் முறை. 2021 அக்டோபரில் வந்த ஹோனிஸ்டரில் அண்டர்ஸ்கோரை எடுத்துவிட்டுக் கோலன் போட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். மாற்றிக் கொடுக்க கன்வர்ட் ஓவர்ரைட்ஸ் என்று ஒரு ஸ்கிரிப்டும் கூடவே வருகிறது, நல்ல ஸ்கிரிப்ட்தான். அப்பெண்ட், ப்ரீபெண்ட், ரிமூவ் இதையெல்லாம் பழைய மாதிரி விட்டுவைத்தாலும் பிட்பேக்கே கத்திவிடும், அதனால் அதில் பயம் இல்லை.

கத்தாதவைதான் ஆபத்து. எங்களிடம் இரண்டு போர்டுகள், இரண்டிலும் மீட்டரோடு பேசும் ஆர்எஸ்485 சீரியல் போர்ட் வெவ்வேறு. புது போர்டுக்கு உரிய போர்ட்டை, ரெசிப்பியில் (ஒரு பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஃபைல்) வேரியபிளின் வாலில் அண்டர்ஸ்கோர் போட்டு மெஷின் பெயரை, அதாவது போர்டின் பெயரை, ஒட்டி எழுதியிருந்தது. அந்தப் பெயர் நாங்கள் வைத்தது, ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? பிட்பேக்கைப் பொறுத்தவரை அது யாருக்கும் சம்பந்தம் இல்லாத ஒரு தனி வேரியபிள், பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பில்ட் பச்சை, போர்டு பூட் ஆகிறது, எஸ்எஸ்ஹெச் வருகிறது, சர்வரோடு பேசுகிறது, ஆனால் மீட்டரில் இருந்து ஒரு எண்கூட வரவில்லை! ஹார்டுவேர் ஆட்கள் கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், டிரான்சீவரைச் சந்தேகப்பட்டார்கள், கர்னல் 5.4-இலிருந்து மாறியதால்தான் இருக்கும் என்று ஒருவர் சத்தியமே செய்தார். கடைசியில் பிட்பேக்கை மைனஸ் ஈ போட்டு ஓட்டி, எந்த வேரியபிளுக்கு எங்கிருந்து மதிப்பு வருகிறது என்று பார்த்தபோதுதான் எங்கள் வரி மட்டும் அநாதையாக நின்றது தெரிந்தது.

அதற்குப் பிறகு செய்தது இதுதான். பழைய டன்ஃபெல் பில்டில் பில்ட்ஹிஸ்டரியை ஆன் செய்து ஓட்டி, இமேஜில் (சாதனத்தில் ஏற்றும் முழு மென்பொருள்) என்னென்ன பேக்கேஜ், எந்தெந்த ஃபைல் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு, புதிய பில்டின் பட்டியலோடு டிஃப் போட்டோம். பக்கம் பக்கமாக வரும், பதிப்பு எண் மாறியது எல்லாம் சத்தம்தான், சலித்துக்கொள்ளாமல் படியுங்கள். காணாமல் போன ஒரு யூடெவ் ரூலும் (சாதனங்களுக்குப் பெயரும் அனுமதியும் தரும் விதி), யாரும் கேட்காமல் உள்ளே வந்த ஒரு சர்வீஸும் அதில்தான் மாட்டின. லேயரில் உங்கள் மெஷின், டிஸ்ட்ரோ பெயர்கள் அண்டர்ஸ்கோரோடு எங்கெல்லாம் இருக்கிறது என்று க்ரெப் போட்டுத் தேடுவதையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஓல்டுலேயர்:

எங்களுக்குக் கை கடித்தது நெட்வொர்க். கிர்க்ஸ்டோனில் ஃபெட்ச் (சோர்ஸைப் பதிவிறக்கும் வேலை) தவிர வேறு எந்த டாஸ்க்கிலும் இணையம் கிடையாது. எங்கள் வெப் யூஐ ரெசிப்பி கம்பைல் நேரத்தில் என்பிஎம் இன்ஸ்டால் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இணையத்தில் இருந்து இறக்குவது) செய்துகொண்டிருந்தது, முன்பிருந்தவர் எழுதியது, வருடக்கணக்காக யாருக்கும் தெரியாது. நெட்வொர்க் ஃபிளாக்கை ஒன்று என்று வைத்தால் ஓடிவிடும், மேனேஜரும் அதையே செய்யச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று கட்டிய இமேஜை அடுத்த வருடம் அப்படியே திரும்பக் கட்ட முடியவில்லை என்றால் யோக்டோவே எதற்கு? எல்லா டிபெண்டன்சியையும் லாக் ஃபைலோடு (எந்தெந்தப் பதிப்பு என்ற பட்டியல்) எங்கள் மிரருக்குக் (சொந்த நகல் சர்வர்) கொண்டுவந்தோம்.

கூடவே ஒன்று: கிட்ஹப் 2022 மார்ச் 15-இல் பழைய கிட் புரோட்டோகாலை மூடிவிட்டது. பழைய டவுன்லோட் கேஷ் இருக்கும்வரை அது உங்கள் கண்ணில் படாது. புது பில்ட் மெஷின் வந்தால்தான் தெரியும். சோர்ஸ் வரியில் ஹெச்டிடிபிஎஸ் போட்டு, பிராஞ்சையும் எழுதிவிடுங்கள், அதற்கும் ஒரு கன்வர்ட் ஸ்கிரிப்ட் இருக்கிறது.

ஏபிபார்ட்டிஷன்:

மீட்டர்பெட்டி அண்ணா சொன்ன ஓபன்எஸ்எஸ்எல்தான் எங்கள் கதையும். 3.0-க்குப் போனதும் ஆர்சி2, ஆர்சி4 போன்ற பழைய சைஃபர்கள் (குறியாக்க முறைகள்) லெகசி புரோவைடர் என்ற தனி மாட்யூலுக்குப் போய்விட்டன, அதைத் தனியாக ஏற்றினால்தான் வேலை செய்யும். எங்கள் ஃபேக்டரியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் பிகேசிஎஸ்12 ஃபைலாகச் (சான்றிதழையும் சாவியையும் சேர்த்துப் பூட்டி வைக்கும் வடிவம்) சான்றிதழ் போட்டிருந்தார்கள், அது 40 பிட் ஆர்சி2-வில் பூட்டியது. புது இமேஜால் திறக்க முடியவில்லை. மேசையில் இருந்த டெஸ்ட் போர்டுகளில் மட்டும் சான்றிதழ் பெம் ஃபைலாக (எழுத்து வடிவ ஃபைல்) இருந்ததால் அங்கே எல்லாம் சுகம்!

பைலட்டாக அனுப்பிய பெட்டிகள் நன்றாக பூட் ஆயின, ஆனால் சர்வரோடு பேசவில்லை. நல்லவேளை, ராக் (RAUC) என்ற அப்டேட் கருவி வைத்து ஏ, பி என்று இமேஜுக்கு இரண்டு ஸ்லாட் இருந்தது, அதைவிட முக்கியம், ஸ்லாட்டை நல்லது என்று குறிப்பதை பூட் ஆனவுடன் செய்யாமல் சர்வரோடு கை குலுக்கிய பிறகுதான் செய்வோம் என்று எங்கள் டீம் லீட் மேடம் பிடிவாதமாக வைத்திருந்தார். வாட்ச்டாக் ரீபூட் செய்ய, தானே பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பிவிட்டன. இல்லையென்றால் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மர் அடியிலும் லேப்டாப்போடு நின்றிருப்போம். அடுத்த இமேஜில் லெகசி மாட்யூலைச் சேர்த்து, முதல் பூட்டிலேயே சான்றிதழைத் திறந்து புதிய சைஃபரில் மாற்றி எழுத வைத்தோம்.

ஓல்டுலேயர்:

அந்த மேடத்துக்கு ஒரு சல்யூட். பைத்தானை யாரும் சொல்லவில்லையே? 3.8-இலிருந்து 3.10-க்குத் தாவும்போது கலெக்ஷன்ஸில் இருந்து நேரடியாக மேப்பிங்கை இம்போர்ட் செய்யும் பழைய கோட் எல்லாம் விழும். அதுவும் ஓடும்போதுதான் விழும்.

மீட்டர்பெட்டி:

எங்களுக்கும் ஒன்று விழுந்தது, சின்னது. தம்பி, அந்தச் சான்றிதழை மாற்றி எழுதும்போது பவர் போனால் என்ன ஆகும்?

ஏபிபார்ட்டிஷன்:

தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்கில் உறுதியாக எழுத வைத்து), பிறகுதான் ரீநேம். பழைய ஃபைலையும் அழிக்கவில்லை, திரும்பிப் போனால் பழைய இமேஜுக்கு அதுதான் வேண்டும். கிர்க்ஸ்டோன் ஆதரவும் 2026 ஏப்ரல் வரைதான் அண்ணா, ஸ்கார்த்கேப்புக்கான பிஎஸ்பி வந்துவிட்டதா என்று சிப் கம்பெனியிடம் கேட்டு வையுங்கள். அதில் பைத்தான் 3.12, டிஸ்ட்யூட்டில்ஸ் (பேக்கேஜ் கட்டும் பழைய மாட்யூல்) கிடையாது, உங்கள் செட்அப் ஃபைல்களில் அது இருக்கிறதா என்று இப்போதே ஒரு க்ரெப் போட்டுவிடலாம்.