பிரான்ஸ்ல நடக்கிற எலுமிச்சம்பழத் திருவிழாவுக்கு அம்மாவ கூட்டிட்டு போகலாமா? போனவங்க இருந்தா சொல்லுங்க

தலவாக்கலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா கல்யாணம் முடிச்சி பாரிஸ்ல இருக்கா, வர்ற பெப்ரவரிக்கு அம்மாவயும் என்னயும் வரச்சொல்லி ஒரே பிடிவாதம். தெக்கால கடற்கரையில மென்டன்னு ஒரு டவுனாம், இத்தாலி பார்டர் பக்கத்துல, அங்க எலுமிச்சம்பழத்துலயும் தோடம்பழத்துலயும் கோபுரம், யானை, வண்டி எல்லாம் கட்டுவாங்களாம், அந்த வீடியோவ அம்மாவுக்கு காட்டிட்டா. அம்மா முப்பது வருசத்துக்கு மேல தேயிலத் தோட்டத்துல கொழுந்து பறிச்ச ஆளு, கடல பாத்ததே வாழ்க்கையில ரெண்டு தரம்தான். வீடியோவ பாத்துட்டு கேட்ட மொதக் கேள்வி "இத்தன பழத்தையும் யாரு கோத்தா?" வருசா வருசம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அம்மனுக்கு 108 பழத்துல மாலை கோக்குறது அவங்கதான், அதான். எனக்கு என்ன பயம்னா முழங்கால் வலி, குளிரு, கூட்டம், அப்புறம் காசு. இவ்ளோ செலவழிச்சி போய் பாக்குற அளவுக்கு அங்க விசயம் இருக்கா, இல்ல போட்டோவுல மட்டும்தான் அழகா? உண்மையா சொல்லுங்க.

கொட்டகலை டு பாரிஸ்:
தம்பி நான் ரெண்டு தரம் போயிருக்கேன், நம்ம கொட்டகலைதான் எனக்கும். மொதல்ல பேரு, மென்டன்னு கேட்டா அங்க யாருக்கும் புரியாது, மாந்தோன்னு சொல்லணும். விசயம் இருக்கு, ஆனா எதப் பாக்குறீங்கங்கிறதுல இருக்கு. எல்லாரும் ஞாயித்துக்கெழம ஊர்வலத்துக்குத்தான் ஓடுவாங்க, கடலோரமா பழ வண்டிங்க வரும், பேண்டு, ஆட்டம், மேல எல்லாம் கலர் பேப்பரு கொட்டும், நல்லாத்தான் இருக்கும் ஆனா டிக்கெட்டு எடுக்கணும், கொறஞ்ச டிக்கெட்டுன்னா நின்னுக்கிட்டேதான் பாக்கணும், முழங்கால் வலிக்கிற அம்மாவுக்கு அது சரிவராது. நீங்க வாரநாள்ல காலையில பியோவே தோட்டத்துக்கு போங்க. ஸ்டேசன்ல இருந்து நடந்தே போயிறலாம், பெரிய உருவங்க எல்லாம் அங்கதான் நிக்கும். கிட்ட போய் பாத்தாதான் வேல தெரியும், இரும்பு சட்டம் அடிச்சி கம்பிவலை போத்தி அதுல ஒவ்வொரு பழத்தையும் ரப்பர் பேண்டால கட்டியிருப்பாங்க, கட்டுறது எல்லாம் கையாலதான். மொத்தம் 140 டன் பழம்னு சொல்றாங்க. நான் போனப்ப ஒரு ஆளு ஏணியில நின்னு அழுகின பழத்த ஒன்னொன்னா கழட்டி வாளியில போட்டுட்டு புதுசு மாட்டிக்கிட்டு இருந்தாரு, அத பாத்துக்கிட்டே அரை மணித்தியாலம் நின்னுட்டேன், ஊர்வலத்த விட எனக்கு ஞாபகம் இருக்குறது அதுதான். அம்மாவுக்கும் அதுதான் புடிக்கும்னு நெனைக்கிறேன்.

குளிருக்கு பயப்பட வேணாம். பகல்ல 12, 13 டிகிரி இருக்கும், பெப்ரவரி விடியக்காலையில நுவரெலியாவுல பனி உறைஞ்சி கெடக்கிறத பாத்த நமக்கு அது ஒன்னுமே இல்ல. பாரிஸ்தான் குளிரும்.

பாரிஸ்ல இருந்து நீஸுக்கு வேக ரயில் ஆறு மணித்தியாலம் கிட்ட ஆகும், நீஸ்ல மாறி மாந்தோனுக்கு ஒரு நாப்பது நிமிசம். வலது பக்கம் சீட்டு புடிங்க, கடல் அந்தப் பக்கம்தான், நடுவுல மொனாக்கோ ஸ்டேசன் மட்டும் நெலத்துக்கு அடியில வரும். மாந்தோன்னு போட்ட ஸ்டேசன்ல இறங்குங்க, அடுத்தது மாந்தோன் கரவான், அங்க இறங்கினா திரும்ப நடக்கணும் (நான் நடந்தேன், புள்ளய தூக்கிக்கிட்டு). தங்குறதுக்கு ரூம் நீஸ்ல பாருங்க, ஆனா அதே நாள்லதான் நீஸ்லயும் கார்னிவல் நடக்கும், அதனால இப்பவே புக் பண்ணிருங்க.

பதுளை மிளகாய்ப்பொடி:
140 டன்னா! திங்கிற சாமான இப்படியா கட்டித் தொங்க விடுறது. நம்ம ஊர்ல தோடம்பழம் விக்கிற வெலைக்கு நோயாளிய பாக்க போறப்ப மட்டும்தான் வாங்குறோம்.
இன்னொரு சந்தேகம், நம்ம பிபிலை தோடம்பழம் பழுத்தாலும் பச்சையாவே இருக்கே, அங்க மட்டும் எப்படி எல்லாம் பெயிண்ட் அடிச்ச மாதிரி?

கொட்டகலை டு பாரிஸ்:
அது குளிரால. ராத்திரி நல்லா குளிர்ந்தாத்தான் தோல்ல பச்ச மறைஞ்சி மஞ்சளோ ஆரஞ்சோ வெளிய வரும், பிபிலை சூட்டுல அது நடக்காது, உள்ள இனிப்புதானே. இன்னொன்னு சொன்னா கோவப்படுவீங்க, உருவங்கள்ல கட்டுற பழத்துல முக்காவாசி ஸ்பெயின்ல இருந்து லொறியில வர்றது. மாந்தோன் எலுமிச்சைக்கு 2015ல ஊர்ப்பேர்ப் பாதுகாப்பு கெடைச்சிருக்கு, நம்ம சிலோன் டீ மாதிரி அந்த ஊர்ப் பேருக்கே மவுசு, அத போயி ரப்பர் பேண்டுல கட்டுவாங்களா. அது மார்க்கெட்டுல எலையோட விப்பாங்க, ஒன்னு வாங்கி தோலோட வெட்டி சீனி தொட்டு அம்மாவுக்கு குடுங்க, கசப்பு கம்மி. இந்தத் திருவிழாவே 1929ல ஒரு ஹோட்டல் மொதலாளி தன்னோட தோட்டத்துல பூவும் பழமும் வச்சி காட்டப்போயி ஆரம்பிச்சது, 1934ல இருந்து இந்தப் பேரு. ஆக பழம் விக்கிறத விட ஆள கூப்பிடுறதுக்குத்தான்.
வருசத்துக்கு ஒரு தலைப்பு வைப்பாங்க, 2018ல பாலிவுட், எலுமிச்சம்பழத்துல புள்ளையாரே வச்சிருந்தாங்க. அந்த வருசம் நான் போகல, இன்னும் வயித்தெரிச்சல்.

பண்டாரவளை ரோஸ்:
திருவிழா எல்லாம் இருக்கட்டும் தம்பி, மொதல்ல பேப்பர பாருங்க. எங்கம்மாவுக்கு பர்த் சர்டிபிகேட்ல ஒரு பேரு, ஐடென்டிட்டி கார்டுல இன்னொரு பேரு, அந்தக் காலத்துல தோட்டத்துல யாரோ கேட்டத யாரோ எழுதினது. அத சரி பண்ண ஒரு ஆபீசுக்கு ஆறு தரம் அலைஞ்சேன், ஒவ்வொரு தரமும் "இது இல்ல, அது வேணும்". கடைசியில அபிடவிட்டு போட்டு பாஸ்போட்டு எடுக்க அந்த வருசம் போறதே தள்ளிப்போச்சி. அம்மாவோட பேர இன்னைக்கே எல்லா பேப்பர்லயும் எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க.
பிரான்ஸ் போக எடுக்க வேண்டிய செங்கன் விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முன்னுக்கே போடலாம், கொறஞ்சது 15 நாள் முன்னுக்கு போடணும், ஆனா கடைசி நேரத்துக்கு வச்சிக்காதீங்க. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, கெடைக்கலன்னா திரும்பாது. இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்கு கொறையாம. அக்கா வீட்ல தங்குறீங்கன்னா அவங்க அங்க மாநகர ஆபீசுல ஒரு அழைப்புக் கடிதம் எடுத்து அனுப்பணும், சும்மா கையால எழுதின லெட்டரு செல்லாது. உங்க வேல லெட்டரு, லீவு லெட்டரு, பேங்க் கணக்கு எல்லாம் சேத்து வைங்க.

தலவாக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே, ரோஸ் அக்காவுக்கும். ராத்திரியே பேப்பர எடுத்து பாத்தேன், அம்மாவுக்கு ஐடென்டிட்டியில ஒரு எழுத்து வித்தியாசம், அப்பா பேருலயும் ஏதோ கொழப்பம். திங்கக்கெழம லீவு போட்டு டவுனுக்கு போறேன். ஊர்வலம் வேணாம், தோட்டம் மட்டும்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சி காட்டினேன், அழுகின பழத்த மாத்துற ஆளு கதைய ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாங்க. இப்ப ஒரு கேள்வி கேக்குறாங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் அந்தப் பழத்த என்ன பண்ணுவாங்களாம்?

கொட்டகலை டு பாரிஸ்:
நல்லா இருக்கிறத எல்லாம் கழட்டி கொறஞ்ச வெலைக்கு பையில போட்டு வித்துருவாங்க. அப்ப நீங்க முடியிற நாளுக்கு அப்புறமும் ஒரு நாள் நிக்கிற மாதிரி டிக்கெட்டு போடணும்.

தலவாக்கலைக்காரன்:
சொல்லிட்டேன். ஊறுகாய் போட உப்பு அங்க கெடைக்குமான்னு கேக்குறாங்க.