கடலில், கரையில் நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

கரைநடை எழுதியது:

ஆமை நடைக்கு (முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் கரையோரம் நடப்பது) நான் முதன்முதலில் போனது ஆமைக்காக அல்ல. கூட வேலை பார்த்தவர் "சும்மா வாங்க, காத்தாட நடக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார். பிப்ரவரி மாதச் சனிக்கிழமை இரவு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் விடாமல் நடக்கிறார்கள்.

முதலில் வந்தது நாற்றம். செத்த ஆமை, கழுத்து வீங்கி, கண் பிதுங்கி. ஓட்டில் பெயின்ட் அடித்திருந்தது. எண்ணியாயிற்று என்பதற்கு அடையாளமாம்.

கொட்டிவாக்கம் தாண்டியதும் ஈரமணலில் டிராக்டர் ஏறிப்போன மாதிரி ஒரு தடம். ஏறிய தடம் இருந்தது, இறங்கிய தடம் இல்லை. அப்படியென்றால் ஆள் இன்னும் மேலேதான்! டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். பங்குனி ஆமை. ஒரு பின்துடுப்பு கிண்ணம் போல மடிந்து குழிக்குள் இறங்கும், ஒரு பிடி மணலை அள்ளிவந்து ஓரமாக வைக்கும். அடுத்த நொடி மறு துடுப்பு அந்தப் பக்கத்து மணலை விசிறித் தள்ளிவிட்டு உள்ளே இறங்கும். கண்ணால் பார்க்காமலே ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற ஒரு குடத்தை மணலில் செய்துவிட்டது. முட்டையிடும்போது கண்ணில் நீர் வழிந்தது. உடம்பில் சேரும் உப்பை அப்படித்தான் வெளியேற்றும் என்று ஒரு மாணவி விளக்கினார். விளக்கம் கேட்ட பிறகும் அழுகிற மாதிரியேதான் இருந்தது. கடைசியில் குழியை மூடி, உடம்பை இடமும் வலமும் ஆட்டி, தட் தட்டென்று திமிசு போட்டுவிட்டுக் கடலுக்குப் போனது. நூற்றுப் பதினெட்டு முட்டைகள். துணிப்பையில் எடுத்துப்போய், பொரிப்பகத்தில் அதே குட வடிவில் வேறு குழி தோண்டி வைத்தார்கள்.

2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் தமிழ்நாட்டுக் கரையில் செத்து ஒதுங்கின. "எல்லாம் விசைப்படகுக்காரன் வேலை" என்று நானும்தான் திட்டினேன். கடலுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் உங்கள் பக்கத்தையும் எழுதுங்கள்.

கொண்டல்காற்று எழுதியது:

அண்ணே, நான் காசிமேட்டுப் பையன். அப்பா விசைப்படகில் இருபது வருஷம் போனார். நான் மூன்று வருஷம் போய்விட்டு இப்போது ஏசி மெக்கானிக். அதனால் மறைக்க ஒன்றும் இல்லை.

மடியில், அதாவது படகு இழுத்துப்போகும் வலையில், ஆமை மாட்டும். மாட்டாது என்று சொல்பவன் பொய் சொல்கிறான். இழுவை மடியை இறக்கினால் இரண்டு மூன்று மணி நேரம் இழுப்போம். ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டும், வர முடியாது, அவ்வளவுதான். ஒரு தடவை செத்ததென்று ஓரமாகப் போட்ட ஆமை, மீனைப் பிரித்து ஐஸ் போடும் நேரத்தில் லேசாக உதைத்தது. "பின்பக்கத்தைத் தூக்கி வை, தலை தாழட்டும்" என்று டிரைவர் கத்தினார். மூக்கு வாயெல்லாம் தண்ணீர் வடிந்தது. மேலே ஈரச்சாக்கைப் போட்டு மத்தியானம் வரை வைத்திருந்து இறக்கிவிட்டோம். அன்றைக்குப் படகில் எல்லாருக்கும் ஏனோ நல்ல மூடு.

கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்பது சட்டம். ஆமை கூடுவதும் அங்கேதான், இறால் கிடைப்பதும் அங்கேதான். டீசல் கடனில் நிற்பவனை அந்த ஐந்து மைல் கூப்பிடும். தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆமை தப்பிக்கும் கருவி என்று ஒன்று உண்டு. மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து பைக்குள் போய்விடும், ஆமை கம்பிமேல் சறுக்கித் திறப்பு வழியாக வெளியே போகும். கொச்சியில் மத்திய அரசு நிறுவனம் நம்மூர் மடிக்கு ஏற்றபடி செய்துகூடக் கொடுத்தது. அப்பாவிடம் கேட்டால், "ஆமைக்கு வைத்த கதவு வஞ்சிரத்துக்கும் கதவுதான்" என்பார். சண்டை முழுக்க அந்த ஒரு வரிதான்.

மூன்றாவது மாடி எழுதியது:

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த அடுக்ககம். ஓர் ஏப்ரல் இரவு பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு இறங்கினால் காலடியில் ஏதோ ஊர்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஆமைக்குஞ்சுகள், முப்பதுக்கு மேல்! வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று போவது அவற்றின் வழக்கம். எங்கள் கேட்டில் எரிந்த விளக்கை நம்பி வந்துவிட்டன. வாட்ச்மேன் தாத்தா முதலில் விளக்கை அணைத்தார், அப்புறம் பக்கெட் கொண்டுவந்தார். வீடு இன்னும் உருப்படியாகத்தான் இருக்கிறது. விளக்குதான் மாறவில்லை, சங்கக் கூட்டத்தில் இரண்டு முறை பேசிவிட்டேன்.

பாம்பன் பொண்ணு எழுதியது:

அம்மா பாசி எடுப்பவர். விரல்களில் கிழிந்த சேலைத் துணி, அதன்மேல் ரப்பர் உறை, காலுக்குத் தகரத் தட்டு, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போடுவார். இத்தனை சுற்றியும் விரல் கிழியும். வீட்டுக்கு வந்து சோற்றில் புளிக்குழம்பு ஊற்றினால் கையை உதறுவார்.

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. பாட்டி போய்த் தங்கிச் சோறு பொங்கிய தீவு, அம்மாவுக்குத் திருட்டுத்தனமாகப் போகும் இடம். ஒருமுறை படகோடு பிடித்து, நாள் முழுக்க உட்காரவைத்து, பாசியைக் கொட்டிவிட்டார்கள். யாரென்று இங்கே வேண்டாம்.

அதே அம்மாதான் ஆவுளியாவையும் பார்த்திருக்கிறார். (புத்தகத்தில் கடல் பசு.) கடல்புல்லுக்கு நடுவே மேய்ந்த தடம் ஒற்றையடிப் பாதை மாதிரி போனதாம். அதன் வழியே பார்வையை ஓட்டினால், பத்தடி தள்ளித் தாயும் குட்டியும். பாசியை விட்டுவிட்டு, மூச்சு முட்டும் வரை பார்த்தேன் என்பார். தாத்தா காலத்தில் அதைக் கறிக்குப் பிடித்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று ஒதுக்கிய செய்தியை அம்மாவிடம் காட்டினேன். "நல்லதுதான். அதுக்கு எடம் ஒதுக்குனவங்க, எங்க எடம் எதுன்னும் சொல்லிட்டா தேவலாம்" என்றார்.

கரைநடை எழுதியது:

கொண்டல், அப்பாவை ஒரு சனிக்கிழமை நடைக்குக் கூட்டி வாருங்களேன். ஆமை தானாக ஏறி வருவதை அவர் பார்த்ததுண்டா?

கொண்டல்காற்று எழுதியது:

கேட்டேன் அண்ணே. இருபது வருஷத்தில் கரையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். வருகிறாராம். ஏழு கிலோமீட்டருக்கு நடுவில் டீக்கடை இருக்குமா என்று மட்டும் கேட்கிறார்.