வோல்சைஃபன்: யாரும் கைவிடாத ஊர்

செம்மண்:
ஜெர்மனியில் ஐஃபல் மலைப்பகுதியில் உள்ள வோல்சைஃபனுக்குப் போன வாரம் போய் வந்தேன். படம் இணைத்திருக்கிறேன். எங்கே பார்த்தாலும் ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்றே எழுதுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. 1946 ஆகஸ்ட் 13 அன்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவு போட்டது, செப்டம்பர் 1க்குள் ஊர் காலியாக வேண்டும் என்று. சுமார் 550 பேர், பெரும்பாலும் உழவர்கள். போரில் இடிந்த வீடுகளை அப்போதுதான் பூசி முடித்திருந்தார்கள். அறுப்பு நேரம் வேறு. நாற்காலியை வண்டியில் ஏற்றலாம், வயலை எப்படி ஏற்றுவது?

மேட்டுத்தெரு:
பாவம்தான், ஆனால் பாதிக் கதை சொல்கிறீர்களே நண்பரே. கூப்பிடு தூரத்தில் வோகல்சாங் இருக்கிறது. நாஜிக் கட்சி தன் வருங்காலத் தலைவர்களைத் தயார்செய்ய 1934இல் கட்டத் தொடங்கிய கோட்டை. போருக்குப் பின் அது பிரிட்டிஷ் ராணுவத்தின் கைக்கு வந்தது, சுற்றியுள்ள நிலத்தையும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இதே ஜெர்மனி 1942–43இல் போலந்தின் சாமோஷ்ச் வட்டாரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டுத் துரத்தியது. அவர்களுக்கு யார் மூன்று வாரம் தவணை கொடுத்தார்கள்?

செம்மண்:
சரி, அந்த அநியாயத்தை மறுக்கவில்லை. அதற்கான வட்டியை ஐஃபல் உழவனின் மாட்டுக்கொட்டகையில் போய் வசூலிப்பீர்களா? 1950இல் பிரிட்டிஷார் கிளம்பி பெல்ஜிய ராணுவம் வந்தது. 1955இல் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்து அதே பெல்ஜியத்துக்குக் கூட்டாளி ஆகிவிட்டது. அப்புறமும் 2005 கடைசி வரை ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. தண்டனை என்றால் என்றைக்காவது முடிய வேண்டாமா?

வழிப்போக்கன்:
சண்டைக்கு நடுவே ஒரு திருத்தம். செம்மண் அண்ணா, உங்கள் படத்தில் வரிசையாக நிற்கும் வீடுகளில் யாருமே குடியிருந்ததில்லை! தெருச்சண்டை பழக ராணுவம் கட்டிய வெறும் கூடுகள் அவை. உற்றுப் பாருங்கள், சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும், சட்டம்கூடக் கிடையாது. பழைய ஊரில் மிஞ்சியது தேவாலயம், பள்ளிக்கூடம், மின்மாற்றிக் கட்டடம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். தேவாலயம் புனித ரோக்குவுக்கு உரியது, நம் பக்கம் ஆரோக்கியநாதர் என்பார்களே, அவர்தான். துப்பாக்கிப் பயிற்சியில் சிதைந்து, பிறகு புதிதாகக் கூரை போட்டிருக்கிறார்கள். உள்ளே வெற்றுச் சுவர்.

செம்மண்:
அடடா. அந்தக் கூடுகள் முன்னால்தான் கால் மணி நேரம் உருகிக்கொண்டு நின்றேன். அப்படியானால் முதலில் அவற்றை இடிக்க வேண்டும். ஊரை அழித்தவன் கட்டிய பொய் வீட்டை ஊர் என்று காட்டுவதா?

மேட்டுத்தெரு:
இடிக்கவே கூடாது. இந்த மண் அறுபது வருஷம் ராணுவத்திடம் இருந்தது, அதுவும் இந்த ஊரின் வரலாறுதான். வெறும் புல்வெளியாக்கிவிட்டால், இப்போது இங்கே இருக்கும் ஐஃபல் தேசியப் பூங்காவுக்கு வருகிறவர் மான் பார்த்துவிட்டுப் போய்விடுவார், இங்கே என்ன நடந்தது என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. ‘கைவிடப்பட்ட’ என்ற சொல் தவறு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ‘காலிசெய்யப்பட்ட’ என்று போடலாம்.

செம்மண்:
காலிசெய்வது வாடகை வீட்டை. ‘பறிக்கப்பட்ட’ என்று எழுதுங்கள்.

வழிப்போக்கன்:
சொல்லுக்கு இன்னும் நாலு பக்கம் ஓடும் போலிருக்கிறது. போகிறவர்களுக்கு ஒன்று: பாதையை விட்டு இறங்காதீர்கள், வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன.

செம்மண்:
படத்தை எடுத்துவிட்டு தேவாலயத்தின் படத்தைப் போட்டிருக்கிறேன். தலைப்பு அப்படியேதான் இருக்கும்.